மண்ணை மூடுமுன்!

வீடு கட்டுகிறவர் வாசற்காலுக்கு நாள் பார்க்கிறார். நிலைக்கு மஞ்சள் பூசுகிறார். தளம் போடுகிற நாளிலே கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சோறு போட்டு மகிழ்கிறார். முகப்பு எப்படி இருக்க வேண்டும், தூணுக்கு என்ன வண்ணம் அடிக்க வேண்டும் என்று நாலு பேரைக் கேட்டு முடிவு செய்கிறார். நல்லது, பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் கட்டுகிற வீடு. பார்த்துப் பார்த்துக் கட்டட்டும்.

ஆனால், அதே வீட்டின் பின்புறத்திலே, மாடிப்படிக்கு அடியிலே, யார் கண்ணிலும் படாத மூலையிலே ஒரு குழி தோண்டப்படுகிறதே, அந்தக் குழியை யார் பார்த்தார்கள்? அதன் ஆழம் என்ன, அகலம் என்ன என்று யார் அளந்தார்கள்? அடியிலே தளம் போட்டார்களா, இடையிலே தடுப்புச் சுவர் எழுப்பினார்களா, வாயு வெளியேறக் குழல் வைத்தார்களா, மூடியைத் திறக்க வழி விட்டார்களா என்று கேட்டவர் யார்?

ஒருவரும் இல்லை. குழி தோண்டிய மறுவாரம் அதன்மேல் சிலாப் ஏறுகிறது. சிலாப்பின் மேல் மண் ஏறுகிறது. மண்ணின் மேல் சிமெண்டும், சிமெண்டின் மேல் டைல்சும் ஏறுகின்றன. அதோடு அந்தக் குழியை உலகம் மறந்துவிடுகிறது.

ஆண்டுகள் ஓடுகின்றன. குழி நிரம்புகிறது. கழிவு உறிஞ்சும் லாரி வருகிறது. மூடி எங்கே என்று தேடுகிறார்கள், மூடியே இல்லை. ஒரு மூலையை உடைத்துக் குழாயை விடுகிறார்கள். தண்ணீர் வருகிறது, அடியிலே இறுகிப்போன கசடு வரவில்லை. "ஒருத்தர் இறங்கிக் கிளறிவிட்டால் போதும், அஞ்சு நிமிஷ வேலை" என்கிறார்கள். கூலிக்கு மேலே ஏதோ தருவதாகவும் சொல்கிறார்கள். ஒருவர் இறங்குகிறார். சத்தம் இல்லை. என்ன ஆயிற்று என்று பார்க்க இரண்டாமவர் இறங்குகிறார். அவரும் எழவில்லை. இருவரையும் தூக்க மூன்றாமவர் குதிக்கிறார்.

மறுநாள் ஏட்டிலே நான்கு வரி வருகிறது: 'விஷவாயு தாக்கி மூவர் சாவு.'

விஷவாயு தாக்கியதாம்! வாயுவுக்கு வாய் இல்லை, மறுத்துப் பேசாது. வழக்குமன்றத்துக்கு வந்து கூண்டிலே நிற்காது. ஆகவே பழியை அதன் தலையிலே போடுவது எல்லாருக்கும் வசதியாக இருக்கிறது. வீட்டுக்காரருக்கு வசதி, ஒப்பந்தக்காரருக்கு வசதி, வரைபடத்துக்கு முத்திரை குத்திய அலுவலகத்துக்கும் வசதி.

நாம் சொல்கிறோம்: குழியைத் தவறாகக் கட்டி மண்ணால் மூடினார்களே, அந்த நாளிலேயே அந்த மூவரின் சாவுக்கும் அடித்தளம் போட்டாகிவிட்டது. குற்றம் நடந்தது கட்டிய நாளிலே. பிணம் விழுந்தது பல ஆண்டு கழித்து. இடையிலே கிடந்த மண்தான் குற்றத்தை மறைத்து வைத்திருந்தது.

சட்டம் இல்லாமலா இது நடக்கிறது என்று கேட்கலாம். சட்டம் இருக்கிறது, தோழர்களே! வரிசையாகவே இருக்கிறது.

மலத்தைக் கையால் அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதையும், உலர் கழிப்பிடம் கட்டுவதையும் தடை செய்து 1993இல் ஒரு சட்டம் வந்தது. அது போதவில்லை என்று 2013இல் இன்னொரு சட்டம் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் நடைமுறைக்கும் வந்தது. சாக்கடையிலோ செப்டிக் டாங்கிலோ ஆபத்தான துப்புரவுக்கு எவரையும் நேராகவோ சுற்றிவளைத்தோ அமர்த்தக்கூடாது என்கிறது அதன் 7ஆவது பிரிவு. மீறினால் முதல் முறைக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். மறுமுறைக்கு 5 ஆண்டு, 5 இலட்சம். உள்ளாட்சிகள் இந்த வேலைக்குத் தக்க பொறிகளைப் பயன்படுத்த வேண்டும் என்று கடமையும் விதித்திருக்கிறது.

உச்சநீதிமன்றமும் பேசியிருக்கிறது. 1993 முதல் சாக்கடையிலே மாண்டவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 இலட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. 2025 சனவரியில், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் சாக்கடையைக் கையால் துப்புரவு செய்வது அறவே நிற்க வேண்டும் என்று ஆணையிட்டது.

இவ்வளவும் இருந்தும், 1993க்குப் பின் நேர்ந்த இத்தகைய சாவுகளைப் பற்றி மைய அரசு நாடாளுமன்றத்திலே வைத்த கணக்குகளில் முதலிடத்தில் நின்றது எந்த மாநிலம்? நம் தமிழ்நாடு! 200க்கு மேற்பட்ட உயிர்கள். கல்வியிலே முன்னே நிற்கிறோம், தொழிலிலே முன்னே நிற்கிறோம் என்று மார்தட்டுகிற நாம், இந்தக் கணக்கிலும் முன்னே நிற்கிறோமே, இதை எந்த மேடையிலே சொல்லிக்கொள்வது?

மாண்டவர் யார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் குழியிலே இறங்குகிறவர்கள் பெரும்பாலும் அருந்ததியர் முதலான தாழ்த்தப்பட்ட வகுப்பினர். குழியை வெட்டச் சொன்னவர் ஒருவர்; குழியிலே இறங்குகிறவர் இன்னொருவர். 'அது அவர்கள் தொழில்' என்ற ஒரே எண்ணம்தான் நூற்றாண்டுகளாக இந்தச் சமுதாயத்தைக் குழியின் விளிம்பிலே நின்று வேடிக்கை பார்க்க வைத்திருக்கிறது. மேலே கட்டடக் கலை எவ்வளவோ மாறிவிட்டது. கீழே இறங்குகிறவரின் குலம் மாறவில்லை.

சட்டங்கள் ஏன் தோற்கின்றன? நாம் மேலே சொன்ன சட்டங்களை எண்ணிப் பாருங்கள். துப்புரவு செய்கிற நாளைப் பற்றி அவை பேசுகின்றன. இறந்த நாளைப் பற்றிப் பேசுகின்றன. இழப்பீடு தரும் நாளைப் பற்றிப் பேசுகின்றன. குழியைக் கட்டுகிற நாளைப் பற்றி அழுத்தமாகப் பேசவேண்டிய சட்டம் வேறு. அதுதான் கட்டட விதி. அந்த விதி என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடப்பில் உள்ளன. கட்டடம் வரைபடப்படி கட்டி முடிந்ததென்று நிறைவுச் சான்று வாங்கினால்தான் மின்சாரமும் குடிநீரும் சாக்கடை இணைப்பும் கிடைக்கும் என்பது அதன் ஏற்பாடு. நல்ல ஏற்பாடு! ஆனால் சிறு வீடுகளுக்கு அந்தச் சான்று வேண்டியதில்லை என்று அதே விதி விலக்கு அளித்தது. 12 மீட்டர் உயரமும் மூன்று குடியிருப்பும் என்று முதலில் வகுத்த எல்லையை, 2024இல் 14 மீட்டரும் எட்டுக் குடியிருப்புமாக விரித்தார்கள். அதே ஆண்டு சூலையில், 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுகிறவர்கள் தாமே சான்றளித்து இணையத்தின் வழி உடனே அனுமதி பெறலாம் என்றும் வழி செய்தார்கள்.

அனுமதிக்காக ஏழை அலுவலக வாசலிலே காத்துக் கிடக்கும் கொடுமை ஒழிந்தது. அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஒன்றைக் கேட்கிறோம். பெரிய கட்டடம் பெரும்பாலும் நகரத்துச் சாக்கடைக் குழாயோடு இணைகிறது. அல்லது தனக்கென்று சுத்திகரிப்பு நிலையம் வைத்துக்கொள்கிறது. செப்டிக் டாங்க் எங்கே இருக்கிறது? சிறு வீட்டிலே! சிற்றூரிலே! பாதாளச் சாக்கடை எட்டாத புறநகரிலே! எந்த வீட்டிலே ஆளைக் கொல்லும் குழி இருக்கிறதோ, அந்த வீட்டுக்குத்தான் பார்வையிடல் கிடையாது என்றால், இது யாருக்குத் தந்த விலக்கு? வீட்டுக்காரருக்கு ஒரு நாள் அலைச்சல் மிச்சம். அதற்கு விலை கொடுக்கிறவர் பத்து ஆண்டுக்குப் பின் அங்கே இறங்குகிறவர்.

நல்ல தொட்டி எப்படி இருக்க வேண்டும் என்பது கண்டறியாத கலையன்று. செப்டிக் டாங்க் கட்டுவதற்கென்றே இந்தியத் தர நிர்ணயக் கழகத்தின் 2470ஆம் எண் நெறிமுறை உண்டு. 1985இல் திருத்தி வெளியிட்டார்கள். உள் அகலம் 75 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. நீர் நிற்கும் ஆழம் 1 மீட்டருக்குக் குறையக்கூடாது. நீளம் அகலத்தைப் போல 2 முதல் 4 மடங்கு. 2,000 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டி என்றால் இரண்டு அறை. திறந்து மூடத்தக்க வாய். கொசுவலை கட்டிய காற்றுக் குழல். தொட்டியிலிருந்து வெளியேறும் நீரை மண்ணுக்குள் விடுகிற இடம் குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. தொட்டிக்குள் விழும் கழிவிலே கனமானது அடியில் படிகிறது. எண்ணெயும் நுரையும் மேலே மிதக்கின்றன. இடையிலே தெளிந்த நீர்தான் வெளியேற வேண்டும். படிவதற்கு நேரமும் இடமும் வேண்டும். ஆகவே நீளமும் தடுப்பும். படிந்ததைக் காற்றில்லாத இருளிலே நுண்ணுயிர்கள் செரிக்கின்றன. அந்தச் செரிமானத்திலே பிறப்பவைதாம் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும். வாயு போவதற்கு வழி வேண்டும், ஆகவே குழல். இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை கசடை எடுக்க வேண்டும், ஆகவே மூடி. வாய் சரியான இடத்தில் இருந்து, கசடு இறுகுமுன் லாரி வந்தால், குழாய் போகும். ஆள் போக வேண்டியதில்லை.

நடப்பில் என்ன கட்டுகிறார்கள்? நாலைந்து சிமெண்ட் உறைகளை மண்ணுக்குள் இறக்கி, அடியிலே தளமே போடாமல், 'செப்டிக் டாங்க்' என்று பெயர் சூட்டுகிறார்கள். கழிவு மண்ணுக்குள் ஊறிப் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போகிறது. 'நம் வீட்டுத் தொட்டி இருபது வருஷமாக நிரம்பவே இல்லை' என்று பெருமை பேசுகிறவர்கள் உண்டு. நிரம்பாத தொட்டி என்றால் என்ன பொருள்? நிரம்ப வேண்டியது ஊரார் குடிநீரிலே கலந்துகொண்டிருக்கிறது என்று பொருள்!

கட்டுகிற தொழிலாளியும் இந்தக் குழியிலே சாகிறார் என்பதைப் பலர் அறியமாட்டார்கள். கழிவே விழாத புதுத் தொட்டி. மேலே சிலாப் போட்டுச் சில நாள் ஆகிறது. உள்ளே அடித்த சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க ஒருவர் சிறு வாய் வழியாக இறங்குகிறார். உள்ளே ஈரப் பலகை, தேங்கிய தண்ணீர், அடைத்த இருட்டு. ஈரத்திலே ஊறிய மரம் அங்கிருந்த உயிர்க்காற்றை உண்டுவிட்டது. நாற்றம் இல்லை, எச்சரிக்கை இல்லை, இறங்கியவர் மயங்கி விழுகிறார். 'புதுத் தொட்டிதானே, பயம் என்ன?' என்று நினைத்த கொத்தனாரும் சென்ட்ரிங் தோழரும் இப்படி மாண்டிருக்கிறார்கள். 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டம் கட்டடத் தொழிலாளருக்குப் பாதுகாப்பைச் சொன்னது. ஆனால் நாலு பேர் வேலை செய்கிற சிறு வீட்டுக்கு அந்தச் சட்டத்தைக் கையிலே எடுத்துக்கொண்டு வந்தவர் எவர்?

இங்கே தோழர்களுக்கு ஒரு வார்த்தை. தீக்குச்சியைக் கொளுத்தி உள்ளே காட்டிப் பார்த்துவிட்டு இறங்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதை விட்டொழியுங்கள். மீத்தேன் தீப்பற்றும் வாயு. ஹைட்ரஜன் சல்ஃபைடு சிறிதளவு இருந்தால் அழுகிய முட்டைபோல நாறும். அளவு மிகுந்தால் மூக்கின் உணர்வையே கொன்றுவிடும். 'நாற்றம் போய்விட்டது' என்று நினைக்கிற நேரம்தான் சாவு நெருங்கிய நேரம். உங்கள் மூக்கையும் தீக்குச்சியையும் நம்பாதீர்கள். இறங்க மாட்டேன் என்று சொல்லுங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, சங்கமும் உங்கள் பக்கம் இருக்க வேண்டும்.

பாதாளச் சாக்கடை உள்ள நகரத்திலும் கதை இதுவேதான். குழிக்குப் பதிலாகக் குழாய். வீட்டிலிருந்து தெருவுக்குப் போகிற நாலு அங்குலக் குழாய்க்கு 40 அடி நீளத்தில் 1 அடி சரிவு வேண்டும். ஆறு அங்குலக் குழாய்க்கு 60 அடிக்கு 1 அடி. பழைய பிளம்பர்கள் மனப்பாடமாக வைத்திருந்த கணக்கு இது. சரிவு குறைந்தால் நீர் ஓடும், கழிவு நிற்கும். நின்றது அடைக்கும். அடைத்தால் மேன்ஹோலைத் திறந்து, 'யாரையாவது கூப்பிடு' என்பார்கள். அந்த 'யாராவது' யார் என்று நமக்குத் தெரியாதா?

அடுக்குமாடி கட்டும் சிலர் இன்னொரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். கழிவுக் குழாயை இரவோடிரவாக மழைநீர் வடிகாலிலே சொருகிவிடுகிறார்கள். அந்த வடிகால் கூவத்துக்குப் போகிறது, அடையாற்றுக்குப் போகிறது, பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. ஆறு நாறுகிறது என்று மூக்கைப் பொத்துகிறோம்; மழை வந்தால் வடிகால் பொங்கிக் குடிசைக்குள்ளே புகுகிறது. குழாயைச் சொருகியவர் மூன்றாம் மாடியிலே உறங்குகிறார். முழங்கால் அளவு சாக்கடையிலே நிற்கிறவர் தாழ்ந்த நிலத்திலே குடியிருக்கும் கூலிக்காரர்.

இதையெல்லாம் தடுக்க முடியுமா? முடியும். நம்மை ஆண்டவர்கள் தங்கள் ஊரிலே செய்து காட்டியிருக்கிறார்கள். இலண்டன் மாநகரமும் ஒருகாலத்தில் வீட்டுக்கு வீடு மலக்குழி வைத்திருந்த ஊர்தான். 1848-49இல் காலரா ஆயிரமாயிரம் பேரை வாரிக்கொண்டு போயிற்று. 1858 கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் பாராளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தது. ஏழைத் தெருவிலே நாறியபோது தூங்கிய பாராளுமன்றம், தன் மூக்கிலே ஏறியதும் விழித்துக்கொண்டது! ஜோசப் பேசல்ஜெட் என்ற பொறியாளரிடம் வேலையை ஒப்படைத்து, நகரத்துக்கே பெருஞ்சாக்கடைகள் அமைத்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. தெருவிலே சாக்கடை அமைத்தால் போதாது, வீட்டிலிருந்து அதற்குப் போகும் குழாயும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று உணர்ந்தார்கள். மூடிய கழிவுக்கால் இல்லாமல் புதுவீடு கட்டுவது சட்டப்படி செல்லாது என்று 1875ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் சொன்னது. விதி மீறிக் கட்டியதை இடிக்கவும் உள்ளாட்சிக்கு அதிகாரம் தந்தது. பின்னாளில், 1965ஆம் ஆண்டுக் கட்டட விதிகளிலே ஒரு சின்ன வரி: கழிவுக் குழாயை மண்ணால் மூடுமுன் 24 மணி நேரத்துக்குக் குறையாமல் உள்ளாட்சிக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும்!

மூடுமுன் சொல்! இதுதான் சூட்சுமம். மூடிய பிறகு எந்தப் பொறியாளராலும் பார்க்க முடியாது. மூடிய பிறகு எழுதும் சான்றிதழ் காகிதம்தான். மூடுமுன் ஒரு கண் பார்த்தால் போதும்.

இதற்கு ஒரு மறுப்புச் சொல்வார்கள். "பார்வையிட ஆள் வந்தால் கையூட்டு வரும். சோதனை என்றால் வசூல் என்று அர்த்தம். ஏழை வீடு கட்டுவதே கஷ்டம். அவன் தலையிலே இன்னொரு சுமையா?" என்பார்கள். இது வீண்பேச்சு அன்று. பட்டறிவிலிருந்து வருகிற பேச்சு. அலுவலகப் படியேறித் தேய்ந்த செருப்புகளை நாமும் அறிவோம்.

ஆகவேதான், சோதனை அதிகாரியின் மனத்துக்குள்ளே இருக்கக்கூடாது, ஊரார் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்கிறோம். தொட்டியை நீரால் நிரப்பி ஒருநாள் விட்டு, நீர்மட்டம் இறங்கிற்றா என்று பார்ப்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை. ஒரு கோடு கிழித்து வைத்தால் சிறுவனும் சொல்வான். குழாயின் உள்வாயைவிடச் சற்றே சிறிய பந்தை ஒரு முனையிலே விட்டு மறுமுனையிலே வருகிறதா என்று பார்ப்பது உலகமறிந்த பிளம்பர் சோதனை. ரசமட்டம் வைத்துச் சரிவு பார்ப்பது கொத்தனாருக்குக் கைவந்த கலை. அறிவிப்புக் கொடுத்த இரண்டு நாளுக்குள் அதிகாரி வராவிட்டால், திறந்த குழியைப் படமெடுத்து அனுப்பிவிட்டு மூடிக்கொள்ளலாம் என்று விதி செய்யட்டும். அப்போது கையூட்டுக்கு எங்கே இடம்?

இன்னொரு மறுப்பும் உண்டு. அது உண்மையான மறுப்பு. இரண்டு சென்ட் மனையிலே வீடு கட்டும் கூலித் தொழிலாளி கிணற்றுக்கும் குழிக்கும் 18 மீட்டர், அதாவது ஏறத்தாழ 60 அடி, எங்கே விடுவார்? அவர் மனையின் ஒரு பக்கமே 30 அடிதான்! அவரைப் பார்த்து 'நீ சட்டத்தை மீறினாய்' என்று தண்டம் விதித்தால் அது நீதியா?

நீதியன்று. அங்கே சட்டம் வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டு, அரசைப் பார்த்துப் பேச வேண்டும். நெருக்கமான குடியிருப்புக்குத் தனித்தனிக் குழி தீர்வாகாது. தெருவுக்குப் பொதுக் குழாயும், ஊருக்குச் சுத்திகரிப்பு நிலையமும்தான் தீர்வு. அதை அமைத்துத் தருவது ஆட்சியின் கடமை. சிந்துவெளி மக்கள் நாலாயிரம் ஆண்டுக்கு முன்பே மொகஞ்சதாரோவில் வீட்டுக் கழிவைச் செங்கல் கட்டி மூடிய தெருச் சாக்கடைக்குக் கொண்டுபோனார்கள் என்று மேடைதோறும் பேசுகிறோமே, அந்த வசதியை இன்றைய உழைப்பாளியின் தெருவுக்குக் கொடுக்க முடியாதா?

ஆகவே நாம் கேட்பவை இவை.

ஒன்று: நிறைவுச் சான்றிலிருந்து சிறு வீட்டுக்கு விலக்குத் தந்தது தந்ததாகவே இருக்கட்டும், ஆனால் கழிவுக் குழிக்கும் குழாய்க்கும் விலக்கு இருக்கக்கூடாது. மூடுமுன் அறிவிப்பு, மூடுமுன் பார்வை, கட்டணம் இல்லாமல். இது கட்டட விதியிலே எழுதப்பட வேண்டும்.

இரண்டு: இந்த வேலையைச் செய்யும் கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் அரசே பயிற்சி கொடுத்துப் பதிவுச் சீட்டு வழங்க வேண்டும். பயிற்சி நாளுக்குக் கூலியும் தர வேண்டும். தவறாகக் கட்டச் சொன்னால் 'என் சீட்டு போய்விடும், செய்யமாட்டேன்' என்று தொழிலாளி சொல்லத்தக்க வலிமையை அந்தச் சீட்டு அவருக்குத் தர வேண்டும்.

மூன்று: சாவு நேர்ந்தால், இறக்கியவரோடு வழக்கு நின்றுவிடக்கூடாது. குழியைக் கட்டிய ஒப்பந்தக்காரர் யார், வரைபடத்திலே கையெழுத்திட்டவர் யார், விதி மீறியதைக் கண்டும் விட்டவர் யார் என்று விசாரணை மேலே போக வேண்டும்.

நான்கு: பழைய வீடுகளுக்கு ஊர்தோறும் குழிக் கணக்கு எடுக்க வேண்டும். மூடி இல்லாதவற்றுக்கு மூடியும் குழலும் வைக்க, ஏழை வீட்டுக்கு அரசு செலவு; வசதி உள்ளவருக்கு அவர் செலவு. நிரம்பிய பிறகு ஓடுவதை விட்டு, இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை முறைவைத்து உள்ளாட்சி லாரி வர வேண்டும்.

ஐந்து: பாதுகாப்புக் கருவி தராமல் இறக்கினால்தான் 'ஆபத்தான துப்புரவு' என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் பொருள் சொல்கிறது. இந்தப் பொந்தை அடைக்க வேண்டும். கருவியோடும் மனிதன் மலக்குழியில் இறங்க வேண்டாம். சாக்கடைக்குள் இறங்கி வேலை செய்யும் பொறி மனிதனைக் கேரளத்து இளைஞர்கள் செய்து, 2018இலேயே களத்தில் இறக்கிக் காட்டிவிட்டார்கள். பொறி இருக்கும்போது ஆள் எதற்கு?

செலவு ஆகுமே என்பார்கள். ஆகட்டும். செத்த பிறகு 30 இலட்சம் கொடுக்கச் சொல்கிறது நீதிமன்றம். அந்தப் பணம் குடும்பத்துக்கு வேண்டும். அதில் ஒரு காசு குறையக்கூடாது, ஒரு நாள் தாமதிக்கக்கூடாது. ஆனால் ஒரு மூடியும், ஒரு காற்றுக் குழலும், ஒரு தடுப்புச் சுவரும், மூடுமுன் ஒரு பார்வையும் சேர்ந்தால் என்ன விலை? அந்த விலையை மிச்சப்படுத்தித்தான் ஒரு தாலியை அறுக்கிறோம்.

தோழர்களே! சட்டம் வரும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. உங்கள் வட்டத்திலே, உங்கள் தெருவிலே இந்த வாரமும் ஒரு வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுவார்கள். போய்ப் பாருங்கள். குழி எங்கே வருகிறது என்று கேளுங்கள். அடியிலே தளம் உண்டா, தடுப்பு உண்டா, வாய் எங்கே, குழல் எங்கே என்று கேளுங்கள். சண்டைக்குப் போகவேண்டாம், வீட்டுக்காரர் நம்மவர்தான், எடுத்துச் சொன்னால் கேட்பார். கட்டடத் தொழிலாளர் சங்கத் தோழர்கள், அடியில்லாத குழிக்கும் மூடியில்லாத தொட்டிக்கும் கரண்டி எடுப்பதில்லை என்று கூடி முடிவெடுங்கள். மன்ற உறுப்பினராக நம் தோழர் இருக்கும் ஊர்களில், மூடுமுன் பார்க்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். ஓர் ஊரிலே நடந்தால் பத்து ஊருக்கு வழி பிறக்கும்.

வீட்டின் முகப்பை ஊரார் எல்லாரும் பார்ப்பார்கள். அதை அழகாகக் கட்ட எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யாரும் பார்க்காத குழியை ஒழுங்காகக் கட்டச் செய்வதற்குத்தான் சட்டம் வேண்டும். சட்டம் உறங்கினால் அதைத் தட்டி எழுப்ப உழைப்பாளியின் குரல் வேண்டும்.

மண்ணைத் தள்ளுமுன் மண்வெட்டியைச் சற்றே நிறுத்துங்கள். உள்ளே ஒருமுறை குனிந்து பாருங்கள். நாளைக்கு அங்கே ஒருவரும் இறங்க வேண்டியிராது என்று உறுதியாகத் தெரிந்த பிறகு மூடுங்கள்.